மாநகர சபையின் ஆண்டுவிழாவை உங்கள் வட்டாரத்தில் நடத்துவது: சேகரிப்பு முதல் சுவரோவியம் வரை

கொழும்பு மாநகர சபையின் ஆண்டு நிறைவை ஒட்டி வட்டாரத்தில் ஏதாவது செய்ய நினைக்கும் சனசமூக நிலையங்கள், பாடசாலைப் பழைய மாணவர்கள், தோட்டத்து இளைஞர் குழுக்கள் ஆகியோருக்கான செய்முறை இது. பலரும் மண்டபத்தைப் பிடிப்பார்கள், பிரதம விருந்தினரை அழைப்பார்கள், பிள்ளைகளுக்கு நடனம் பழக்குவார்கள். வரலாறு என்ற பகுதியைக் கடைசி வாரத்தில் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுவார்கள். அப்படிச் செய்தால் கொட்டாஞ்சேனை விழாவுக்கும் வெள்ளவத்தை விழாவுக்கும் வித்தியாசமே தெரியாது. முதலில் சேகரித்து, சேகரித்ததிலிருந்து நாடகமும் ஓவியமும் செய்து, மண்டப நிகழ்ச்சியைக் கடைசியாகத் திட்டமிடுவதுதான் சரியான ஒழுங்கு. இதற்கு ஒன்பது மாதம் வேண்டும். ஆறு மாதந்தான் இருக்கிறதென்றால் சுவரோவியத்தை விட்டுவிடுங்கள், நேர்காணலை விட வேண்டாம்.

1. எந்த நாளைக் கொண்டாடுகிறீர்கள் என்று தீர்மானியுங்கள்

சபையை உருவாக்கிய சட்டம் 1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். சபை முதன்முதலாகக் கூடியது 1866 ஜனவரியில். இரண்டில் எதிலிருந்து எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் கணக்கு ஒரு வருடம் மாறும். ஒன்றைத் தெரிந்தெடுத்து ஒரே வசனமாக எழுதி, கடிதம், பதாகை, கையேடு எல்லாவற்றிலும் அதையே பாவியுங்கள். அழைப்பிதழில் ஓர் எண்ணும் மேடைப் பதாகையில் இன்னோர் எண்ணும் வருவது சாதாரணமாக நடக்கும் பிழை.

கட்டடங்களின் ஆண்டைச் சபையின் ஆண்டோடு குழப்ப வேண்டாம். புறக்கோட்டையிலுள்ள பழைய நகர மண்டபம் 1873இல் கட்டப்பட்டது. விகாரமகாதேவிப் பூங்காவுக்கு எதிரேயுள்ள இன்றைய வெள்ளை நகர மண்டபம் 1928இல் திறக்கப்பட்டது. அதேபோல, மக்களால் தெரிவான உறுப்பினர்களைக் கொண்ட சபையின் முதலாவது மேயர் இரத்தினஜோதி சரவணமுத்து பதவிக்கு வந்தது 1937இல். ‘1865இல் முதல் மேயர்’ என்று எழுதிய பலகையைப் படித்தவர் ஒருவர் பார்த்தால் மற்றப் பலகைகளையும் நம்ப மாட்டார்.

ஜனவரியைத் தெரிந்தெடுப்பதில் வேறொரு வசதியும் உண்டு. கொழும்பில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் மழை குறைவு, சுவர் வேலைக்கு ஏற்ற காலம். மே மாதமும் ஒக்டோபர், நவம்பரும் வெளிவேலைக்கு ஆகாது. நோன்புக் காலம், ஆடிவேல், ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா, வெசாக், சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகள் ஆகியவற்றையும் நாட்காட்டியில் குறித்துவிட்டே தேதி வையுங்கள்.

உங்கள் தெரு கொழும்பு மாநகர சபை எல்லைக்குள்தான் இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையைத் தாண்டினால் தெகிவளை - கல்கிசை மாநகர சபை. அதன் ஆண்டுக் கணக்கு 1959இலிருந்து தொடங்குவது.

2. குழுவைச் சிறிதாக வையுங்கள்

ஏழு பேர் முதல் ஒன்பது பேர் வரை போதும். மூன்று பொறுப்புகளை ஆளின் பெயரோடு எழுதி வைக்க வேண்டும்: கடிதத் தொடர்பு, ஆவணக் காப்பு, பணம். ஆவணக் காப்பாளரும் பொருளாளரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. இரண்டுமே விழா நெருங்கும்போது ஒரே நேரத்தில் நெருக்கும் வேலைகள்.

கொழும்பின் எந்தத் தெருவும் ஒரு இனத்தாரின் தெருவல்ல. கொம்பனித்தெருவில் மலாய்க் குடும்பங்களைக் கேட்காமல், கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கச் சிங்களக் குடும்பங்களைக் கேட்காமல் எழுதும் வரலாறு அரைகுறைதான். சிங்களத்தில் சரளமாகப் பேசவும் எழுதவும் கூடிய ஒருவர் குழுவில் இருந்தே ஆக வேண்டும். ‘தேவைப்பட்டால் மொழிபெயர்க்கலாம்’ என்று விட்டால் அது நடக்காது.

வட்டார உறுப்பினரைத் தலைவராக்குவது சுலபமான வழிபோலத் தோன்றும். செய்ய வேண்டாம். தேர்தல் அறிவித்தால் விழாவே அரசியல் கூட்டமாகி முறைப்பாட்டுக்குள்ளாகும். மற்றக் கட்சிக் குடும்பங்கள் படம் தரவும் தயங்கும். அவருக்குக் கடிதத்தின் பிரதியும் விழாவில் முன்வரிசைக் கதிரையும் கொடுங்கள்.

3. கடிதங்களை முதல் மாதத்திலேயே கொடுங்கள்

அனுமதிதான் அதிக நாள் எடுக்கும். கலைஞர்களைத் தேடுவதற்கு முன்பே இதைத் தொடங்க வேண்டும்.

சபையின் உதவிக்கும் சபைக்குச் சொந்தமான இடங்களுக்கும் மாநகர ஆணையாளருக்கு எழுதுங்கள். மேயருக்கும் வட்டார உறுப்பினருக்கும் பிரதி அனுப்புங்கள். ஒரே கடிதத்தில் மண்டபம், சுவர், குப்பை அகற்றல், மின்சாரம் எல்லாவற்றையும் கேட்டால் அது ஒவ்வொரு பிரிவாகச் சுற்றும். ஒரு கோரிக்கைக்கு ஒரு கடிதம் எழுதி, ஒவ்வொன்றோடும் இடத்தைக் குறித்த ஏ4 வரைபடத்தை இணையுங்கள். கையில் இரண்டு பிரதி கொண்டுபோய், உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரையையும் தேதியையும் வாங்காமல் திரும்ப வேண்டாம். பின்னர் விசாரிக்கும்போது அந்த முத்திரைதான் உங்கள் பிடி.

சுவர் யாருடையது என்பதைக் கட்டாயம் உறுதி செய்யுங்கள். பாடசாலை மதிலுக்கு அதிபரின் எழுத்து அனுமதி வேண்டும், ரயில் பாதையோர மதில் புகையிரதத் திணைக்களத்துக்குரியது. பழைய கட்டடமாக இருந்தால் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமா என்று தொல்பொருள் திணைக்களத்தில் கேளுங்கள். பாதுகாக்கப்பட்டதென்றால் தூரிகையே வைக்கக்கூடாது. ஒலிபெருக்கிக்கும் தெருவை மறிப்பதற்கும் பொலிஸ் அனுமதி தேவை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி இல்லை என்று வைத்தே நிகழ்ச்சி நிரலைப் போடுங்கள். ரிக்கற் விற்று மேடையேற்றும் நாடகமென்றால் பிரதியை முன்கூட்டியே அங்கீகாரத்துக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

4. ஆவணங்களைப் பார்த்த பின்பே ஆட்களிடம் போங்கள்

கையில் ஓர் ஆண்டும் ஒரு பெயரும் இருந்தால் கேள்வி கூர்மையாகும். ஒன்றுமில்லாமல் போனால், ‘அந்தக் காலத்திலே எல்லாம் நல்லாத்தான் இருந்தது’ என்ற ஒரே பதிலோடு திரும்புவீர்கள்.

கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய நிர்வாக அறிக்கைகள், வர்த்தமானிகள், பத்திரிகைகள் இருக்கின்றன. அடையாள அட்டை, நோக்கத்தைச் சொல்லும் கடிதம், பென்சில் மூன்றையும் கொண்டு போங்கள். பேனையை வெளியே வைக்கச் சொல்வார்கள். படம் எடுக்கலாமா என்பதை உள்ளே போகும்போதே கேட்டுவிடுங்கள். பொது நூலகத்தில் பேர்கியுசன் டைரக்டரி என்ற பழைய தகவல் திரட்டின் தொகுதிகளைக் கேளுங்கள். அந்தந்த ஆண்டின் வியாபார நிலையங்களும் பதவியிலிருந்தவர்களும் கிடைப்பார்கள். தமிழ்ப் பக்கத்துக்கு வீரகேசரி (1930 முதல்), தினகரன் (1932 முதல்) ஆகியவற்றின் பழைய இதழ்கள், வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம், நூலகம் நிறுவனத்தின் இணையத் தொகுப்பு.

தேடுபவர்கள் முதலில் தடுக்கி விழுவது தெருப் பெயரில். டரட் ரோட் என்று தேட வேண்டியதைத் தர்மபால மாவத்தை என்று தேடினால் ஒன்றும் வராது. கிறீன் பாத் இப்போது ஆனந்த குமாரசுவாமி மாவத்தை, பார்பர் ஸ்ரீற் இப்போது மகா வித்தியாலய மாவத்தை. நம்மவர் வாயில் இன்னொரு வரிசையே இருக்கிறது: செட்டியார் தெரு, புதுக்கடை, முகத்துவாரம், ஐந்துலாம்புச் சந்தி. ஆகவே தொடக்கத்திலேயே ஓர் அட்டவணை போடுங்கள். முதல் நிரலில் இன்றைய அரசாங்கப் பெயர், அடுத்ததில் பழைய ஆங்கிலப் பெயர், மூன்றாவதில் ஊர் வழக்கு. பின்னர் எல்லா வேலைக்கும் அதுதான் திறவுகோல்.

5. குடும்பப் படங்களை வாங்கிக்கொண்டு போகாதீர்கள்

ஸ்கேனரையும் மடிக்கணினியையும் சனசமூக நிலையத்தில் வைத்து, ஞாயிறு காலை மக்களை அல்பத்தோடு வரச்சொல்லுங்கள். அவர் கண் முன்னே பிரதி எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுங்கள். ‘நாளைக்குத் தாறோம்’ என்று ஒரு படம் போய்த் தொலைந்தால் அந்தத் தெருவில் இரண்டாவது படம் கிடைக்காது.

தபாலட்டை அளவும் அதற்குச் சிறியதும் 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), ஏ4 அளவு 300 டிபிஐ. டிஃப் வடிவில் சேமித்து, வட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும் ஜேபெக் எடுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் கையால் எழுதிய தேதியும் அங்கேதான் இருக்கும். ஒட்டும் பக்கங்கள் கொண்ட அல்பத்திலிருந்து படத்தை உரிக்க வேண்டாம். மேற்படலத்தை விலக்கிப் பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம்.

கோப்புப் பெயரை அந்த இடத்திலேயே கொடுங்கள்: வட்டாரம், வரிசை எண், அண்ணளவான ஆண்டு. தந்தவர் பெயர் கோப்பில் வேண்டாம், பதிவுப் புத்தகத்தில் இருக்கட்டும். அனுமதிச் சீட்டில் கண்காட்சி, அச்சு, இணையம் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். கண்காட்சிக்குச் சம்மதித்து இணையத்துக்கு மறுப்பவர்கள் நிறையப் பேர். படம் வைத்திருப்பவர் அதன் பதிப்புரிமைக்காரர் ஆகிவிட மாட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பொதுவாக எடுத்தவரின் ஆயுளோடு மேலும் 70 ஆண்டு அந்த உரிமை நீடிக்கும். முத்திரையிலுள்ள ஸ்டூடியோ இன்னும் இயங்கினால் போய்க் கேளுங்கள்.

தமிழ்க் குடும்பங்களிடம் 1983 இனக்கலவரத்துக்கு முந்திய படங்கள் குறைவாகவே கிடைக்கும். வீட்டோடு போனவை அவை. இதைச் சேகரிப்பின் தோல்வியாக எடுக்காமல், அதே குடும்பத்தின் யாழ்ப்பாண, மலையக, கனடா, லண்டன் உறவினர்களிடம் கேளுங்கள். கொழும்பில் எடுத்த கல்யாணப் படத்தின் ஒரு பிரதி அங்கே போயிருக்கும்.

6. நேர்காணல்

இந்த வேலை முழுவதற்கும் அத்திவாரம் இதுதான். 12 பேர் போதும். 30 பேரைப் பதிவு செய்து ஒன்றையும் எழுத்தாக்காமல் விடுவதைவிட அது மேல். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்த கொழும்புப் பேச்சென்றால் இன்னும் கூடும்.

பதிவுக்கு நல்ல கையடக்கத் தொலைபேசியும் ஒரு சிறிய கொலர் மைக்கும் போதுமானவை. விமானப் பயன்முறையில் போடுங்கள், இல்லாவிட்டால் பாதியில் அழைப்பு வந்து பதிவு அறுந்துவிடும். வேவ் வடிவம், 48 கிலோஹேர்ட்ஸ். மின்விசிறியை நிறுத்திக் கதவைச் சாத்துங்கள். உஷ்ணத்தில் முதியவரை இருத்தி வைக்க முடியாதென்றால் மின்விசிறியை அவர் முதுகுப்புறம் தள்ளி வைத்து, மைக்கை நெஞ்சுக்குக் கிட்டே குத்துங்கள். முதல் அரை நிமிடத்தைப் பதிவு செய்து கேட்டுப் பார்த்த பின்பே தொடங்குங்கள். இந்த அரை நிமிடத்தைத் தவிர்த்தவர்கள்தான் ஒரு மணி நேர இரைச்சலோடு திரும்பி வருவார்கள்.

‘பழைய கொழும்பு எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள். சபை மக்களின் அன்றாடத்தைத் தொட்ட இடங்களைக் கேளுங்கள். தண்ணீர் எங்கே பிடித்தீர்கள்? பொதுக்குழாயில் யாருக்கு முதல் வாளி? தெரு விளக்கு எப்போது வந்தது? குப்பை வண்டி எத்தனை மணிக்கு? சபையின் மருந்தகத்தில் யார் இருந்தார்? வரி கட்டப் போனது எந்த யன்னல்? இப்படிக் கேட்டால், ‘அம்மா நாலு மணிக்கே எழும்பி வாளியை வரிசையில் வச்சிட்டு வந்து படுப்பா’ என்பதுபோல ஒரு வசனம் வரும். நாடகத்துக்கு முதல் காட்சி அதுவாகவே அமையும்.

ஆண்டுகளை யாரும் சரியாகச் சொல்வதில்லை. அவர்களைப் பிழை சொல்லவும் கூடாது. ஊன்றுகோலாகச் சில அடையாளங்களைக் கையில் வைத்திருங்கள். ட்ராம் வண்டி 1899இல் தொடங்கி 1960இல் நின்றது. கோட்டையிலிருந்து ஒரு பாதை கிராண்ட்பாஸுக்கும் மற்றது பொரளைக்கும் போனது. சபை ஓட்டிய ட்ரொலி பஸ் (மேற்கம்பியில் ஓடும் மின்சார பஸ்) 1953 முதல் 1964 வரை. அதற்குப் பின் 1970களில் பாணுக்கு நின்ற கியூ. விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்திலுள்ள பொது நூலகக் கட்டடம் திறந்தது 1980இல். ‘உங்கட தங்கச்சி பிறக்கேக்க ட்ராம் ஓடினதா, நின்றிட்டுதா?’ என்று கேட்டால் பத்து வருடக் குழப்பம் ஒரு நொடியில் தீரும்.

பேச்சு 1958 கலவரத்துக்கோ 1983 கலவரத்துக்கோ தானாகவே போகும். நீங்கள் இழுக்கவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். பதிவை நிறுத்தட்டுமா என்று கேளுங்கள். அந்தப் பகுதியை வெளியிடலாமா, பெயரில்லாமல் வெளியிடலாமா, குறித்த காலம் மூடி வைக்க வேண்டுமா என்பதை முடிவில் தனியாகக் கேட்டுப் படிவத்தில் குறியுங்கள். ‘ஆண்டுவிழாத்தானே, இதெல்லாம் எதற்கு’ என்று வெட்டிவிடும் குழுக்கள் உண்டு. அதற்குப் பிறகு அந்த முதியவரிடமிருந்து உண்மையான ஒரு வார்த்தையும் வராது.

அன்றிரவே மூன்று பிரதி: மடிக்கணினி, வெளி வன்தட்டு, இணையச் சேமிப்பு. தொலைபேசியிலிருந்து அழிப்பது அதற்குப் பின்பு.

7. சேகரித்ததிலிருந்து நாடகம்

எழுத்தாக்கிய பக்கங்களை அச்சடித்து, ஐந்தாறு பேர் சுற்றியிருந்து சத்தமாக வாசியுங்கள். கேட்பவர் சிரிக்கும் அல்லது அமைதியாகும் வரிகளுக்கு அடிக்கோடு போடுங்கள். அந்த வரிகளை அடுக்கினால் பிரதி பாதி தயார். ஒருவரைத் தனியே இருத்திப் பிரதி எழுதச் சொன்னால் பாடசாலைப் போட்டி நாடகந்தான் கிடைக்கும்.

தெருவெளியென்றால் 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஆறு நடிகர், ஒரு மேளம், கையில் எடுத்துப் போகும் பொருள்கள் மட்டும். ஒழுங்கைக்குள் மைக் எதிரொலிக்கும். வட்டமாக நின்று வெறும் குரலில் பேசுவதே தெளிவு. சிங்களம் பேசுபவரின் நினைவைச் சிங்களத்திலேயே சொல்ல விடுங்கள், மேடையில் மொழிபெயர்க்க வேண்டாம். கொழும்பில் பார்ப்பவருக்கு விளங்கும். ஒத்திகைக்கு நேர்காணல் தந்தவர்களை ஒருமுறை அழைத்துக் காட்டுங்கள். தன் அம்மாவை மேடையில் முதன்முறை விழாவன்று பார்ப்பது சிலருக்குக் கோபத்தையும் உண்டாக்கும்.

8. சுவரோவியம்

2019 கடைசியில் நாடெங்கும் இளைஞர் சுவர் தீட்டினார்கள். அவற்றில் பல இன்று உரிந்து கிடப்பது கைத்திறன் குறைவாலல்ல, சுவரைத் தயார் செய்யாமல் பூசியதால்.

முதலில் ஈரச் சோதனை. 45 செ.மீ. சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. பீலி ஒழுக்கையோ குழாயையோ திருத்தாமல் பூச வேண்டாம். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் காய்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்புக் கரைந்து திரும்ப உள்ளே போகும். புதுச் சீமெந்துப் பூச்சென்றால் 28 நாள் பொறுங்கள்.

கணக்குக்கு ஓர் உதாரணம்: 10 மீற்றர் நீளம், 2.5 மீற்றர் உயரம், ஆகமொத்தம் 25 சதுர மீற்றர். ஒரு லீற்றர் ஏறக்குறைய 10 சதுர மீற்றருக்கு ஒரு பூச்சுக் காணும். ஆகவே காரம் தாங்கும் சீலர் (சுவரில் முதலில் பூசும் பூச்சு) 2.5 லீற்றர், நான்கு லீற்றர்க் கேன் ஒன்று வாங்குங்கள். வெளிச்சுவர் அக்ரிலிக் இமல்சன் அடிப்பூச்சு இரண்டு முறைக்கு 5 லீற்றர். படத்துக்கு ஆறு நிறம், ஒவ்வொன்றும் ஒரு லீற்றர். சொரசொரப்பான சுவர் மூன்றிலொரு பங்கு கூடக் குடிக்கும். உள்சுவர்ப் பெயின்ற் மலிவு என்று வாங்கினால் அடுத்த மே மழையோடு போய்விடும். பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும் வெயிலில் முதலில் வெளிறும் என்பதால் முகங்களை அந்த நிறங்களில் நம்பி வைக்காதீர்கள்.

படத்தை 1:10 அளவில் தாளில் வரைந்து 5 செ.மீ. கட்டம் போடுங்கள். சுவரில் அது 50 செ.மீ. கட்டமாகும். கட்டத்துக்கு நூல் அடிக்கும்போது மேசன் பாவிக்கும் சிவப்புப் பொடி வேண்டாம், வெளிர் நிறத்தின் கீழிருந்து கசியும். கட்டத்துக்கு எண் கொடுத்தால் வரையத் தெரியாத பிள்ளைகளும் தங்கள் கட்டத்தை நிரப்பலாம். முகங்களையும் எழுத்துகளையும் மட்டும் கைதேர்ந்தவரிடம் விடுங்கள். காலை ஏழு முதல் பதினொன்று வரை வேலை. உச்சி வெயிலில் சூடான சுவரில் பெயின்ற் பிடிப்பதற்கு முன்பே காய்ந்து, பிறகு செதிலாகும்.

உயிரோடிருக்கும் அரசியல்வாதி எவரையும் வரைய வேண்டாம். அடுத்த தேர்தலில் அந்த முகத்தின் மேல் சுவரொட்டி ஏறும்.

9. தகவல் பலகையும் தமிழ் எழுத்தும்

ஏ1 அளவுப் பலகை ஒன்றில் மொழிக்கு 80 சொல், மூன்று மொழி, ஒரு பெரிய படம். அதற்கு மேல் நின்று வாசிக்க ஆளில்லை. பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். 5 மி.மீ. ஃபோம் பலகை உள்ளகத்துக்குச் சரி. வெளியில் ஈரம் ஏறி வளையும்.

தமிழ் கெடுவது அச்சகத்தில். நீங்கள் யூனிகோட்டில் கொடுத்ததை அங்கே பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள், அல்லது இந்திய மொழி வசதி முடுக்கப்படாத மென்பொருளில் ஒட்டுவார்கள். ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகப் பிரியும், ‘ஸ்ரீ’ உடையும், ‘ஔ’ என்பது ‘ஒள’ ஆகும். அச்சகம் திருப்பித் தரும் பிடிஎஃப்பை எழுத்தெழுத்தாகத் தாளில் எடுத்து வாசித்துக் கையெழுத்திட்ட பின்பே அச்சுக்கு விடுங்கள். தொலைபேசித் திரையில் பார்த்து ‘ஓகே’ அனுப்பியதுதான் நகரில் தெரியும் பிழைப்பலகைகளில் பாதிக்குக் காரணம்.

10. தெரு நடை

15 முதல் 20 பேர், ஒன்றரை மணி நேரம், ஏழு நிறுத்தம். ஞாயிறு காலை ஏழு மணி நல்லது. புறக்கோட்டையில் அப்போதுதான் நடக்க இடமிருக்கும். பழைய நகர மண்டபத்தில் தொடங்கிச் செட்டியார் தெரு, ஜிந்துப்பிட்டி வழியாகக் கொச்சிக்கடை வரை போகும் பாதை தமிழ்க் குழுவுக்கு மிகப் பொருத்தம். மண்டபத்துக்குள் சபையின் பழைய இயந்திரங்களும், மாடியில் சபைக் கூட்டம் நடப்பதுபோன்ற உருவங்களும் இருக்கின்றன. அது திறந்திருக்குமா என்பதை முந்திய வெள்ளிக்கிழமை நேரில் போய்க் கேளுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூன்று நிமிடப் பேச்சு, அதில் ஒரு நிமிடமாவது பதிவு செய்த குரல். நிழலும் நடைபாதை அகலமும் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல கதை இருந்தாலும் நிறுத்தாதீர்கள்.

11. விழா நாள்

உரைகள் மொத்தம் 20 நிமிடம். நேர்காணல் தந்தவர்கள் முன்வரிசையில். கண்காட்சிக்குள் ஒரு மேசையும் வெறும் சீட்டுகளும் வையுங்கள்: ‘இந்தப் படத்தில் உங்களுக்கு யாரைத் தெரியும்?’ பெயர் தெரியாத முகங்களில் பல அன்றைக்கே அடையாளமாகும்.

12. ஒப்படைப்பு

விழா முடிந்து மூன்று வாரத்துக்குள் இதைச் செய்யாவிட்டால் பிறகு நடக்காது. பதிவுகள், எழுத்தாக்கம், படங்கள், அனுமதிப் படிவங்கள், தெருப்பெயர் அட்டவணை ஆகியவற்றை ஒரே அமைப்பில் இரண்டு வன்தட்டில் எழுதுங்கள். ஒன்று பாடசாலை நூலகத்துக்கு, மற்றது பொது நூலகத்துக்கோ தமிழ்ச் சங்க நூலகத்துக்கோ. மூடி வைக்கச் சொன்ன பகுதிகளைத் தனிக் கோப்புறையில், திறக்கும் தேதியோடு வையுங்கள். ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். கையேடு அச்சிட்டால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும், ஏ5 அளவில் 32 பக்கம் வசதி. ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண்ணை அச்சுக்குப் போகும் முன்பே தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் எடுத்துவிடுங்கள்.

சுவரோவியத்தில் மீந்த பெயின்றை நிறத்துக்கு ஒன்றாகச் சிறு போத்தல்களில் அடைத்து, நிற எண்ணையும் கம்பனிப் பெயரையும் மேலே எழுதி சனசமூக நிலையத்தில் வையுங்கள். முதல் கீறல் விழும்போது அதே நிறத்தைக் கடையில் தேடி அலைய வேண்டியிராது.